வேண்டுதலை விட வேண்டாம், முதலில் இரத்தத்தைப் பரிசோதியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன், பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. என் மகள் கடும் நோயிலிருந்து மீண்டபோது, பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டபடி, மூன்றரை ஆண்டுகளாக மச்சத்தையும் (இறைச்சி, மீன்) முட்டையையும் விட்டுவிட்டேன். பாலும் தயிரும் உண்டு. இனிப்பு நீருக்காக (நீரிழிவு) ஆறு ஆண்டுகளாக மெட்ஃபோர்மின் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். ஓராண்டாக ஓயாத அசதி, மறதி, காரணமில்லாத அழுகை. இரவில் பாதங்களில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது. மாமியார் வாயு என்கிறார். தோழிகள் மாதவிலக்கு நிற்கும் வயது என்கிறார்கள். கணவர், வேண்டுதலை விட்டுவிட்டு மீன் சூப் குடிக்கச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர் மாதம் 280 ரிங்கிட் கொடுத்து ஒரு சத்துப்பொடியை வாங்கச் சொல்கிறார். நான் எதைச் சாப்பிட்டால் உடம்பும் மனமும் பழைய நிலைக்குத் திரும்பும்?

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கடிதத்தோடு மூன்று நாள் சாப்பாட்டை நேரம் குறித்து எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த ஒரு தாள் இல்லாதிருந்தால் நானும் பொதுவாக நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பேன். தாளைப் படித்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன்: முருகனுக்குக் கொடுத்த வாக்கை நீங்கள் முறிக்கத் தேவையில்லை. ஆனால் எதைச் சாப்பிடுவது என்ற கேள்விக்குப் போகும் முன், இந்த வாரமே நீங்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். நான் மருத்துவர் அல்லர். பினாங்கில் டயட்டீஷியனாகப் பணியாற்றுகிறவள். நோயைப் பெயரிட்டுச் சொல்வது மருத்துவரின் வேலை. என்றாலும் உங்கள் கடிதத்தில் உள்ள நான்கு செய்திகள், அதாவது மூன்றரை ஆண்டுச் சைவம், ஆறு ஆண்டு மெட்ஃபோர்மின், பாதத்தில் எறும்பு ஊரும் உணர்வு, மறதியோடு கூடிய மனச்சோர்வு ஆகியவை சேர்ந்து ஒரே திசையைக் காட்டுகின்றன. அது வைட்டமின் பி12 குறைபாடு.

இந்தச் சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனென்றால் நம் சைவக் குடும்பங்களில் கீரைக்கும் பருப்புக்கும் கொடுக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்குக் கொடுப்பதில்லை. பி12-ஐச் செடி கொடிகள் உண்டாக்குவதில்லை. ஆடு மாடு மீன்களின் உடலும் அதைத் தானாக உண்டாக்குவதில்லை. அதை உருவாக்குபவை நுண்ணுயிர்கள் மட்டுமே. அவற்றிடமிருந்து விலங்குகளுக்குப் போய், இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக மனிதனுக்கு வந்து சேர்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 2.4 மைக்ரோகிராம், கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் அந்தத் துளி இல்லாவிட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சரியாக உருவாகமாட்டா, நரம்புகளைச் சுற்றியுள்ள உறை தேயும், மூளையில் மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருள்கள் உருவாவதும் தடைபடும். கால் மரத்துப்போவதும், அடுப்பில் என்ன வைத்தோம் என்று மறந்து நிற்பதும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது கண்ணீர் வருவதும் ஒரே வேரிலிருந்து கிளைக்கக்கூடும் என்பது இதனால்தான்.

முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாகத்தானே இருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். பி12-ஐக் கல்லீரல் பல ஆண்டுகளுக்குச் சேமித்து வைக்கும் தன்மை உடையது. மச்சத்தை விட்ட நாளிலிருந்து நீங்கள் அந்தச் சேமிப்பை எடுத்து எடுத்துச் செலவழித்திருக்கிறீர்கள். இதோடு மெட்ஃபோர்மினும் சேர்ந்துகொண்டது. நெடுங்காலம் எடுத்துக்கொள்ளும்போது அந்த மாத்திரை, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உடலுக்குள் சேர்வதைக் குறைக்கிறது. இது இன்று ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. 2022-ஆம் ஆண்டில் பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு, மெட்ஃபோர்மின் எடுப்பவர்களிடம் குறைபாட்டின் அறிகுறி தெரிந்தால் பி12 அளவைச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. ஆக, உங்களுக்கு வரவும் குறைவு, வருவது உள்ளே சேர்வதும் குறைவு. இதற்காக மெட்ஃபோர்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; அது நல்ல மருந்து, நிறுத்தினால் சர்க்கரை ஏறிவிடும்.

என்னைக் கவலைப்பட வைப்பது பாத எரிச்சலையும் ஊறலையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் விதம்தான். இனிப்பு நீர் உள்ளவர் கால் மரக்கிறது என்று சொன்னவுடனே, அது சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் எந்த இனத்தாரையும்விட இது அதிகம். அதனால் அந்த முடிவு பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடுகிறது. ஆனால் பி12 குறைந்தாலும் பாதம் இதே போலத்தான் ஊறும். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். சர்க்கரையால் கெட்ட நரம்பை மீட்பது அரிது. பி12 குறைவால் கெட்டதை, காலத்தோடு கண்டுபிடித்தால், பெரும்பாலும் மீட்கலாம். தள்ளிப்போட்டால் அதுவும் நிலைத்துவிடும். நான் அவசரப்படுத்துவது இதற்காகவே.

நீங்கள் வழக்கமாகப் போகும் அரசாங்க கிளினிக்கிலேயே தொடங்கலாம்; பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். உள்ளே போனதும் அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை மருத்துவர்கள் ஒரு நாளில் ஐம்பது முறை கேட்பார்கள். "டாக்டர், சாயா வெஜெதேரியன் திகா தாஹூன் லெபே, மாக்கான் மெட்ஃபோர்மின் எனாம் தாஹூன், காக்கி கெபாஸ்" என்று, மூன்று ஆண்டுக்கு மேலான சைவம், ஆறு ஆண்டு மெட்ஃபோர்மின், கால் மரத்துப்போவது ஆகிய இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். முழு இரத்த எண்ணிக்கை, பி12, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைச் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். பி12 சோதனை அங்கே இல்லையென்றால் எங்கே செய்யலாம் என்றும் கேளுங்கள். தனியார் இரத்தப் பரிசோதனை நிலையங்களில் அது கிடைக்கும். தைராய்டைச் சேர்ப்பதற்குக் காரணம், அசதியும் மறதியும் மனச்சோர்வும் அதனாலும் வரும். உங்கள் தோழிகள் சொல்வதுபோல மாதவிலக்கு நிற்கும் காலத்தின் மாற்றங்களும் இதில் கலந்திருக்கலாம். ஆனால் அந்த வயது வந்துவிட்டது என்பதாலேயே மற்றவற்றைத் தேடாமல் விடுவது தவறு.

இரத்தம் எடுக்கும் வரை பி12 மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், எண் மாறிப்போகும். ஃபோலிக் அமில மாத்திரையும் வேண்டாம். அது இரத்தச்சோகையை மட்டும் சரிசெய்து, உள்ளே நரம்பு கெடுவதை மறைத்துவிடக்கூடும். இரும்பு மாத்திரையையும் அப்படியே தள்ளிவையுங்கள். நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாற்றின் மரபணுவைச் சுமப்பவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கும் இரத்தம் குறைவாகவே தெரியும், ஆனால் அதற்கு இரும்பு மருந்தாகாது.

குறைபாடு உறுதியானால் மருத்துவர் ஊசியோ மாத்திரையோ தருவார். நரம்பு அறிகுறி இருப்பவர்களுக்கு முதலில் ஊசி கொடுப்பதே வழக்கம். உங்கள் மனத்தில் எழக்கூடிய கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்து மச்சமா? சந்தையில் உள்ள பி12, தொட்டிகளில் நுண்ணுயிர்களை நொதிக்கவைத்து எடுக்கப்படுகிறது. நாம் இட்லி மாவைப் புளிக்க வைப்பதற்கு அண்ணன் தம்பி முறையான வேலை. எந்த ஆட்டையும் மீனையும் அதற்காக அறுப்பதில்லை. உறையில் அடைத்த கேப்சூலாக இருந்தால் மட்டும் அந்த உறை ஜெலட்டினால் ஆனதா என்று பாருங்கள், ஏனெனில் ஜெலட்டின் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. வில்லை மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்மலைப் படியேறும்போது உங்கள் மனத்தில் ஒரு உறுத்தலும் இருக்க வேண்டாம்.

இட்லி மாவிலும் பழைய சோற்றிலும் கடற்பாசியிலும் பி12 நிறைய இருப்பதாக வாட்சாப்பில் வரும் செய்திகளை நம்பி இருந்துவிடாதீர்கள். புளிப்பில் கிடைப்பது கணக்கில் சேராத அளவு; பாசிகளில் இருப்பதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். பால் உண்மையாகவே உதவும். ஒரு பெரிய தம்ளர் பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதிய தாளில் பால் என்று இருப்பதெல்லாம் டீயில் விழும் டின்பால்தான்; தயிர் மூன்று நாளில் ஒரே முறை, அதுவும் ஊறுகாய்க்குத் துணையாக இரண்டு கரண்டி. காலையில் ரொட்டிக்கு மார்மைட் தடவுவீர்களானால், பி12 சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று போத்தலைத் திருப்பிப் பாருங்கள். சேர்த்திருந்தால் அதுவும் துணைதான், உப்பு மிகுதி என்பதால் மெல்லிசாகத் தடவ வேண்டும்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். அதில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை 5.30-க்கு டீ, மூன்று க்ரீம் கிராக்கர். பத்து மணிக்கு மீண்டும் டீ. மதியம் தொழிற்சாலைக் கேன்டீனில் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், கோபிஸ், அப்பளம். நான்கு மணிக்குத் தே தாரிக்கும் இரண்டு பீசாங் கோரேங்கும் (பொரித்த வாழைப்பழம்). இரவு 9.30-க்குச் சோறு, ரசம், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "மிஞ்சியது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கூட்டிப் பார்த்தேன். அன்று முழுவதும் உங்களுக்குக் கிடைத்த புரதம் 30 கிராமைத் தொட்டிருந்தால் அதிகம். உங்கள் எடை 62 கிலோ என்பதால் குறைந்தது 50 கிராமாவது வேண்டும். பிற்பகலில் இயந்திரத்தின் முன்னால் கண் சொருகுகிறது என்றால், அதில் உங்கள் மனவலிமைக் குறைவு ஒன்றுமில்லை. மாவுச்சத்தும் சீனியும் சட்டென்று ஏறி இறங்குவதற்கு நடுவே, தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாத வயிறு அது.

"மிஞ்சியது" என்ற அந்தச் சொல்லில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். என் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டார். எல்லோருக்கும் பரிமாறி, அப்பாவின் தட்டைக் கழுவிய பிறகு, குண்டானைச் சாய்த்து அகப்பையால் வழித்துப் போட்டுக்கொள்வார். பருப்பு முதலில் எங்களுக்கு வந்துவிடும்; கூட்டில் இருந்த கடலையைப் பொறுக்கி அண்ணனுக்கு வைத்துவிடுவார். அவருக்குச் சோறும் ரசமும் கொஞ்சம் குழம்பின் எண்ணெயும் மிஞ்சும். வயிறு நிறைந்துவிடும், உடம்புக்குத் தேவையானது எதுவும் அந்தத் தட்டில் இருக்காது. பல வீடுகளில் இரத்தச்சோகை பெண்களிடம் குடிகொள்வதற்கு, சமையலைவிடப் பரிமாறும் வரிசையே காரணமாக இருப்பதை நான் என் பணியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆகவே உங்களுக்கு நான் எழுதித் தரும் முதல் மாற்றம் இது: மூடியுள்ள ஒரு மங்கு, அதாவது கிண்ணம், உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சமைத்து இறக்கியதும், யாருக்கும் பரிமாறும் முன், கெட்டிப் பருப்பையோ கொண்டைக்கடலையையோ, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயையோ அதில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். காரணம் கேட்டால், டயட்டீஷியன் சொன்னார் என்று சொல்லுங்கள்.

அந்த மங்கில் என்ன போடுவது என்பதற்கு நம் ஊர்ச் சந்தையில் பஞ்சமே இல்லை. வாழையிலையில் கட்டி விற்கும் தெம்பேயில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 19 கிராம் புரதம் இருக்கிறது. இவ்வளவு மலிவாக இவ்வளவு புரதம் தரும் சைவ உணவு வேறு எளிதில் கிடைக்காது. தமிழ் வீடுகளில் அதை மலாய்க்காரர் சாப்பாடு என்று ஒதுக்குவது எனக்கு எப்போதும் வருத்தமே. துண்டு போட்டு, மஞ்சளும் மிளகும் தடவி, கொஞ்சம் எண்ணெயில் சிவக்கப் புரட்டினால் சோற்றுக்கும் சப்பாத்திக்கும் இணங்கும். கெட்டித் தௌஹுவும் (டோஃபு) நல்லது. வேகவைத்த கடலை, பயறு, மொச்சை எதுவானாலும் அரைக் கோப்பையில் 7 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். ஒரு தம்ளர் பாலில் 8. சைவக் கடைகளில் விற்கும் சைவ ஆட்டிறைச்சியும் சைவ மீனும் எப்போதாவது விருந்துக்கு வைத்துக்கொள்ளலாம். உப்பும் எண்ணெயும் அவற்றில் கூடுதல் என்பதால் தினமும் வேண்டாம்.

தட்டை அடுக்குவதற்குச் சுகாதார அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் "சுக்கு சுக்கு செப்பாரோ" போதும்: கால் தட்டு சோறு, கால் தட்டு புரதம், மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். உங்கள் கேன்டீன் தட்டில் சோறும் உருளைக்கிழங்கும் சேர்ந்தே முக்கால் தட்டைப் பிடித்திருக்கின்றன. உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது, சோற்றின் கணக்கில்தான் வரும். அதை விட்டு, பாயாம் கீரையோ காசாங் பாஞ்சாங்கோ (நீளப் பயற்றங்காய்) எடுத்துக்கொண்டு, மங்கினைத் திறந்து பக்கத்தில் கொட்டிக்கொள்ளுங்கள். காலைப் பசியாறலை மட்டும் பிஸ்கட்டில் முடிக்காதீர்கள். முந்தின இரவே ஊறவைத்து அவித்த பச்சைப்பயறு, அல்லது பருப்பு கூட்டி அரைத்த அடை இரண்டு, அல்லது கேழ்வரகுக் கூழில் ஒரு கோப்பைத் தயிர். விடியற்காலையில் இறங்காது என்றால் டப்பாவில் எடுத்துப்போய் பத்து மணிக்குச் சாப்பிடலாம்.

டீயை விடச் சொல்லப்போவதில்லை. அது பினாங்கில் நடக்காத காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு மேசைக்கரண்டி டின்பாலில் ஏறத்தாழ 22 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நீங்கள் மூன்று டீ குடிக்கிறீர்கள். கடையில் "குராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்று சொன்னாலும் டின்பால் போவதில்லை. "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத டீ) அல்லது "தே சி கோசோங்" (சீனி சேர்க்காத பால் டீ) என்று கேளுங்கள். முதல் பத்து நாள் கசப்பாகத்தான் இருக்கும். பிறகு நாக்கு பழகிவிடும். சாப்பாட்டோடு டீ வேண்டாம். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். டீ இருந்த இடத்தில் கொய்யாத் துண்டோ எலுமிச்சை பிழிந்த காய்கறியோ இருந்தால், அதே இரும்பு கூடுதலாகச் சேரும்.

வெள்ளிக்கிழமைகளில் மாலை வரை பச்சைத் தண்ணீரோடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. உங்கள் மாத்திரை உறையில் கிளிக்லசைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையின் பெயரும் இருந்தால் நிலைமை வேறு. அதைச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைக் காயப்போடுவது மயக்கத்தில் கொண்டுபோய் விடக்கூடும். மருத்துவரைக் கேட்கும் வரை பாலும் பழமும் எடுத்துக்கொண்டு விரதம் இருங்கள்.

மனத்தைப் பற்றி நீங்கள் கடைசியில் ஒரே வரியில் எழுதியிருந்தாலும் நான் அதைக் கடைசியாக வைத்துப் படிக்கவில்லை. உணவு மனத்தைத் தொடும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், மனச்சோர்வால் பாதிக்கப்பட்ட 67 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பருப்பு வகைகள், காய்கறி, முழுத்தானியம், மீன் முதலியவை நிறைந்த உணவுக்கு மாற வழிகாட்டினார்கள். மற்றவர்களுக்குப் பேச்சுத் துணை மட்டும் கிடைத்தது. மூன்று மாதத்தில் உணவை மாற்றியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மனச்சோர்வு நீங்கிய நிலையை அடைந்தனர். மற்றப் பிரிவில் நூற்றுக்கு எட்டுப் பேர். சிறிய ஆய்வுதான், அவர்களில் பலர் ஏற்கெனவே பெற்றுவந்த சிகிச்சையையும் நிறுத்தவில்லை. ஆகவே உணவு மட்டுமே போதும் என்று நான் சொல்லமாட்டேன். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் நீடித்தால், தூக்கம் கெட்டால், வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அதே மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.

280 ரிங்கிட் பொடியை வாங்க வேண்டாம். நீங்கள் படம் எடுத்து அனுப்பிய லேபிளில் முதல் இரண்டு பொருள்கள் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியும் சீனியும். பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுதுவதே விதி. மருந்தாகப் பதிவு பெற்ற பொருளில் "மால்" என்று தொடங்கும் எண் இருக்கும். இதில் அதுவும் இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு மாதப் பால், தயிர், தெம்பே, பயறு, பழம் எல்லாம் வாங்கலாம்.

சிகிச்சை தொடங்கினால் அசதி சில வாரங்களில் குறையத் தொடங்கும். பாதத்தின் ஊறல் அடங்கச் சில மாதங்கள் ஆகலாம், அதுவரை வெறுங்காலோடு நடக்காதீர்கள். பரிசோதனை முடிவுத் தாளைப் படம் எடுத்து, இப்போது அனுப்பியதைப் போலவே மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்போடு எனக்கு மீண்டும் எழுதுங்கள். ஃபெரிட்டின் எண்ணையும் எச்பிஏ1சி எண்ணையும் பார்த்த பிறகு, இரும்பு வேண்டுமா, இரவுச் சோற்றை எவ்வளவு குறைக்கலாம் என்பதை உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்ப எழுதுகிறேன். அந்தக் குறிப்பில் இரவு 9.30-க்கு எதிரே, மங்கில் என்ன இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும்.